அடுப்பைத் தொடாம ஒரு ஐஸ்! போடி வெயிலில் உருகிய சாக்லேட்டும் ஒரு அம்மாவின் கட்டளையும்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டி, தலைத்துண்டு, மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட்டோடு பெண்கள் ஏறி உட்காருவார்கள். முந்தல் தாண்டியதும் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலக்காடுகள். காலையில் போனால், இறங்கி வீடு வந்து சேர இருட்டிவிடும்.

பள்ளிக்கூடம் இருக்கும் மாதங்களில் இது பெரிய பிரச்னை இல்லை. பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பள்ளியில் ஆகிவிடும். மே மாதம்தான் சிக்கல். நாள் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில், அம்மா மலை மேலே!

அப்படி ஜீப் ஏறும் அம்மாக்களில் ஒருவரின் வீட்டில், ஒரு கோடை விடுமுறையில் நடந்தது இது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஏழாம் வகுப்பு முடித்த மகள், இரண்டாம் வகுப்பு முடித்த மகன். அப்பா லாரி டிரைவர். வாரத்தில் நாலு நாள் ரோட்டில்தான் இருப்பார். அடுத்த தெருவில் அப்பத்தா. முட்டி வலியோடு மதியம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நடந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அம்மா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். காலையில் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டு, கேஸ் ரெகுலேட்டரைத் திருகி மூடிவிட்டுச் சொல்வார்: "பாப்பா, எது வேணும்னாலும் பண்ணு. அடுப்புப் பக்கம் மட்டும் போயிராத."

மூணு மணிப் பசி

காலையில் ஆக்கின சோறு மதியத்துக்குச் சரியாக இருக்கும். மூணு மணிக்கு மேல்தான் வயிறு வேறு பேச்சுப் பேசும். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஐஸ் வண்டி மணி அடிக்கும். ஆளுக்குப் பத்து ரூபாய் என்று இருபது ரூபாயை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவார். 45 நாள் விடுமுறைக்குக் கணக்குப் போட்டால் 900 ரூபாய். தினக்கூலி வாங்கும் வீட்டில் அது சும்மா போகிற காசு இல்லை.

காசை விடவும் அவரை அரித்தது வேறு. அந்தக் குச்சி ஐஸில் கலர், சர்க்கரை, தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் கப் ஐஸ்களை வாங்கித் திருப்பிப் பார்த்தால், பலவற்றில் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்றுதான் அச்சிட்டிருக்கும். பால் கொழுப்பில் செய்தது ஐஸ்க்ரீம். தாவர எண்ணெயில் செய்தது ஃப்ரோஸன் டெசர்ட். இரண்டையும் வேறு வேறாகத்தான் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கெடுதல் என்று இல்லை. ஆனால், பசித்த பிள்ளைக்கு அது சாப்பாடும் இல்லை.

வீட்டிலோ வாழைப்பழத்துக்குக் குறைவில்லை. தேனி மாவட்டமே வாழைக்குப் பெயர் போனது. இங்கே விளையும் ஜி-9 ரகம் வளைகுடா நாடுகள் வரைக்கும் கப்பலேறுகிறது. தார் விலை சரியும் வாரங்களில் தோட்டத்துக்காரர்கள் தெரிந்தவர்களுக்குச் சீப்புச் சீப்பாகக் கொடுத்துவிடுவார்கள். அப்பா லாரியில் வரும்போதும் ஒரு சீப்பு வரும். மே மாத வெயிலில் அது இரண்டே நாளில் கரும்புள்ளி விழுந்து கனிந்துவிடும். பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அப்பத்தா மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்.

"இதைக் குளிரப்பெட்டியில வச்சு ஐஸாக்கினா என்னக்கா?" என்று கேட்டது தம்பிதான்.

தோலோடு வைத்த பழம்

முதல் நாள், முழுப் பழத்தைத் தோலோடு ஃப்ரீஸரில் வைத்தாள் அக்கா. மறுநாள் எடுத்தபோது தோல் கரிக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. உரிக்கவும் வரவில்லை, சதையோடு ஒட்டிக்கொண்டு விரல்தான் விறைத்தது. அப்பத்தா வந்து பார்த்து, "ஏத்தா, பழத்தை இப்படியா பாழாக்குவ?" என்று வைதுவிட்டுப் போனார்.

மறுநாள் பழத்தை உரித்து, பாதியாக நறுக்கி, ஐஸ் குச்சி குத்தி, தட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி வைத்தாள். நாலு மணி நேரம் கழித்து எடுத்துக் கடித்த தம்பியின் முகத்தில் ஆச்சரியம். "அக்கா, பால் ஊத்துனியா?"

பால் ஊற்றவே இல்லை. வாழைப்பழத்தின் குணம் அது. தர்பூசணியை உறைய வைத்தால் கல்லாகிவிடும்; அதில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் மெதுவாக உறையும்போது பெரிய பெரிய பனிப்படிகங்களாகக் கட்டும். பல்லில் நறநறவென்று படும். வாழைப்பழத்தில் தண்ணீர் குறைவு, சர்க்கரையும் நாரும் அதிகம். நன்றாகக் கனியும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. அந்தச் சர்க்கரை பழத்தை முழுதாக இறுக விடுவதில்லை. அதனால்தான் நாக்கில் வெண்ணெய் மாதிரி இழைகிறது. கரும்புள்ளி விழுந்து யாரும் தொடாத பழம்தான் இதற்கு முதல் தரம். காயாக இருக்கும் பழத்தை வைத்தால் துவர்ப்புதான் மிஞ்சும்.

வாழைப்பழ ஐஸ் வெற்றி. ஆனால், தம்பிக்கு அது போதவில்லை. அவனுக்கு வண்டிக்காரர் விற்கும் ஐஸைப் போலவே மேலே சாக்லேட் வேண்டும்.

வெயில் செய்த வேலை

சாக்லேட்டை உருக்க அடுப்பு வேண்டுமே? சட்டத்தை மீறவும் முடியாது. அக்கா ஒரு வழி யோசித்தாள். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் வாங்கி வந்த குக்கிங் சாக்லேட்டைப் பொடியாகச் சீவி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தாள். கரையவில்லை. மண் குழைத்த மாதிரி கட்டி கட்டியாக நின்றது.

சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் கோகோத் தூளும் சர்க்கரைத் தூளும்தான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், சர்க்கரை ஈரமாகி ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகிவிடும். பெரிய ஹோட்டல் சமையல்காரர்களையும் அழவைக்கும் விஷயம் இது. சாக்லேட் உருக்கும் பாத்திரமும் கரண்டியும் பொட்டு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

மீதிச் சாக்லேட்டை ஒரு சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். தம்பி அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், ஒரு துண்டு தின்றுவிட்டு, டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். பயத்தில் சொல்லவும் இல்லை. சாயங்காலம் துணி எடுக்கப் போன அக்கா டப்பாவைத் திறந்தபோது, உள்ளே சாக்லேட் குழம்பாகத் தளதளவென்று கிடந்தது!

சாக்லேட்டுக்கு அடையாளமே கோகோ வெண்ணெய்தான். அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றே கீழே என்பதால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. மே மாதத்துப் போடியில் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடும். வெயிலில் கிடக்கும் சில்வர் டப்பா கையைச் சுடும் அளவுக்குக் காயும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த 'காம்பவுண்ட்' சாக்லேட் கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும். மாடி வெயிலுக்கு அதுவும் தப்பாது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மாடிதான் அடுப்பு. சீவிய சாக்லேட், இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், இறுக்கமான மூடி. எறும்பு வராமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கல் வைத்து அதன் மேல் டப்பா. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. டப்பாவை எடுக்கப் பிடிதுணி கட்டாயம் என்று அப்பத்தா ஒரு உத்தரவு போட்டார்.

தேங்காய் எண்ணெய் எதற்கு? அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வெயிலில் சாக்லேட்டை நீர்க்க வைக்கும். உறைந்த பழத்தின் மேல் பட்டதும் சட்டென்று இறுகி ஓடாகும். பழத்தை முக்கித் தூக்கினால் சொட்டு நிற்பதற்குள் பளபளப்பு மங்கிக் கெட்டிப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தம்பிக்கு அதைச் சாப்பிடுவதை விட, பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

ஒரே ஒரு காசோடு வந்த பையன்

குளிர்ந்த பண்டத்தின் மேல் சாக்லேட்டை ஒட்ட வைப்பது ஒரு காலத்தில் பெரிய புதிராகவே இருந்தது. 1920-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒனாவா என்ற சிற்றூரில் கிறிஸ்டியன் நெல்சன் என்ற பள்ளி ஆசிரியர் மிட்டாய்க் கடையும் வைத்திருந்தார். கையில் ஒரே ஒரு காசோடு வந்த பையன் ஒருவன், ஐஸ்க்ரீம் வாங்குவதா, சாக்லேட் வாங்குவதா என்று முடிவு செய்ய முடியாமல் தவித்தானாம். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று நெல்சன் இறங்கினார். உருக்கிய சாக்லேட் ஐஸ்க்ரீமில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கோகோ வெண்ணெயின் அளவைக் கூட்டிய பிறகுதான் ஒட்டியது. 'எஸ்கிமோ பை' என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது. 1922-ல் காப்புரிமையும் கிடைத்தது. அந்தப் பெயர் வடதுருவப் பழங்குடிகளைப் புண்படுத்துகிறது என்பதால் 2020-ல் அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

குச்சி ஐஸுக்கும் ஒரு சிறுவன் கதை உண்டு. 1905-ல் ஃப்ராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், கலக்கும் குச்சியோடு சோடா டம்ளரை ஓர் இரவு வாசலில் மறந்து வைத்துவிட, குளிரில் அது உறைந்துபோனதாம். பெரியவனான பிறகு 1920-களில் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே ஒருவன் குளிரில் மறந்து வைத்தான். போடியில் ஒருவன் வெயிலில் மறந்து வைத்தான்!

மலையில் காய்க்கும் சாக்லேட்

சாயங்காலம் வந்த அம்மாவிடம் பிள்ளைகள் டப்பா கதையைச் சொன்னார்கள். மறுநாள் அவர் ஒரு சாக்லேட் துண்டைத் தூக்குச்சட்டியோடு மலைக்கு எடுத்துப் போனார். மதியம் சாப்பிடும்போது எடுத்துப் பார்த்தால், வைத்தது வைத்தபடி கெட்டியாக இருந்ததாம். போடிக்கும் போடிமெட்டுக்கும் உயரத்தில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஏலச்செடிக்கு மர நிழல் கட்டாயம் என்பதால், தோட்டத்துக்குள் குளிர்ச்சி இன்னும் கூடுதல்.

சில நாள் கழித்து அவர் கையில் ஒரு காய் வந்தது. மஞ்சள் நிறம், வரி வரியாக, கைக்கு அடக்கமான பப்பாளி மாதிரி. இடுக்கியின் தாழ்ந்த சரிவுகளில் வீட்டுத் தோட்டங்களிலேயே கோகோ மரம் நிற்கும். கூட வேலை பார்க்கும் ஓர் அக்கா கொடுத்தனுப்பியது. அப்பத்தா அரிவாளால் பிளந்தார். உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய கொட்டைகள் வரிசையாக இருந்தன. சதையைச் சப்பினால் புளிப்பும் இனிப்பும். கொட்டையைக் கடித்த தம்பி, கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டான். "இதுவா சாக்லேட்டு?"

அதுதான். அந்தக் கொட்டைகளைச் சதையோடு ஐந்தாறு நாள் மூடிப் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால்தான் சாக்லேட் வாசனையே வரும். ஏலக்காயும் பறித்ததும் மணப்பொருளாகிவிடுவதில்லை. மலையில் 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்த்தும் இடத்தில் பக்குவமாகக் காய்ந்து, தரம் பிரிந்து, போடிக்கு ஏலத்துக்கு இறங்கும்போதுதான் அதற்கு விலை. பிள்ளைகளுக்கு அம்மாவின் வேலை என்னவென்று கொஞ்சமாவது புரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் செய்ய

நாலு பேருக்கு நாலு நன்கு கனிந்த வாழைப்பழம், 100 கிராம் குக்கிங் சாக்லேட், 2 டீஸ்பூன் தேங்காய் எண்ணெய், 3 ஏலக்காய், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை போதும்.

பழத்தை உரித்துப் பாதியாக நறுக்கிக் குச்சி குத்துங்கள். எண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, குறைந்தது 4 மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். பழம் கல் மாதிரி ஆன பிறகே சாக்லேட்டில் முக்க வேண்டும்; அரைகுறையாக உறைந்திருந்தால் ஓடு வழுக்கி இறங்கிவிடும். வெயில் இல்லாத ஊர்க்காரர்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் சாக்லேட்டை உருக்கலாம். நீராவி உள்ளே படக் கூடாது.

சாக்லேட் ஓடு இறுகுவதற்குள் வேர்க்கடலைப் பொடியைத் தூவுங்கள். ஏலக்காயை அப்போதே தட்டி, விதையை மட்டும் நுணுக்கிச் சாக்லேட்டில் கலக்குங்கள். குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பும் மணமும் மந்தமாகத் தெரியும் என்பதால், பாயசத்துக்குப் போடுவதை விட ஒரு காய் கூடுதலாகப் போட்டால்தான் எடுக்கும்.

குச்சி இல்லையென்றால் வில்லையாக நறுக்கி உறைய வைத்து, மிக்சியில் விட்டு விட்டு அரைத்தாலே ஐஸ்க்ரீம் பதம் வந்துவிடும். இந்த வீட்டில், 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அப்பத்தாவுக்குக் கிடைத்த இலவச மிக்சிதான் அதற்கு. அப்பத்தா பக்கத்தில் நின்றால் மட்டுமே பிள்ளைகள் அதைப் போடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் இதற்கு அருமை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டை நீக்கி உறைய வைத்தால் மிட்டாய் மாதிரி இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுத் திராட்சை கொடுக்கவே கூடாது. உருண்டையாகத் தொண்டையில் போய் மூச்சை அடைத்துவிடும். உறைந்தது இன்னும் ஆபத்து. நீளவாக்கில் நாலாக நறுக்கி, குளிர் தணிந்த பிறகு கொடுங்கள். வேர்க்கடலையும் அந்த வயதுக்கு வேண்டாம்.

செய்ததை மூடிய டப்பாவில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான். மின்வெட்டில் முழுக்க இளகி நெடுநேரம் கிடந்ததை மறுபடி உறைய வைக்காமல் தூக்கிப்போடுவது நல்லது. பழம்தானே என்று சர்க்கரை நோயாளிகள் ஏமாறவும் வேண்டாம். இந்த வீட்டு அப்பத்தாவுக்குச் சுகர். அவர் பங்கு ஒரே ஒரு வில்லைதான்.

ஜீப் வராத சாயங்காலம்

மே கடைசியில் ஒருநாள் மலையில் பிடித்தது மழை. போடியில் தூறல்கூட இல்லை. மேற்கே மட்டும் மலை கறுத்துக் கிடந்தது. ஆறரைக்கு வர வேண்டிய ஜீப் ஏழரைக்கும் வரவில்லை. போன் போட்டால் எல்லை தாண்டாத சிக்னல். மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது ஊருக்குப் பழகிய செய்தி. பழகிய செய்திதான் என்றாலும், அன்றைக்கு ஜீப்பில் இருப்பது அம்மாவாயிற்றே.

அப்பத்தா வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி அழ ஆரம்பித்தான். அக்கா அவனை உள்ளே கூட்டிப் போய், அம்மாவுக்கு என்று நாலு பழத்தை முக்கச் சொன்னாள். மாடியில் உருகி, வீட்டுச் சூட்டில் இன்னும் இளகியே இருந்த சாக்லேட் அது. முக்கினான், தட்டில் வைத்தான், மறுபடி எண்ணினான். அதைச் செய்யச் செய்ய அழுகை நின்றது.

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. வழியில் விழுந்து கிடந்த மரத்தை வெட்டி அகற்றும் வரை காத்திருந்ததில் அத்தனை நேரம். அம்மா தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து, நடுங்கிக்கொண்டே உள்ளே வந்தார். தம்பி ஓடிப்போய்த் தட்டை நீட்டினான். அம்மா அதைப் பார்த்தார், வாங்க முடியவில்லை. "ஐயா, அம்மாவுக்குச் சூடா ஒரு வாய் எதாச்சும் இருந்தாப் போதும்டா…"

அந்த வீட்டில் சூடாக எதுவும் இல்லை. ரெகுலேட்டர் காலையில் மூடினபடியே இருந்தது.

அப்பத்தாதான் எழுந்து போய்க் காபி போட்டார். அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஒரு மடக்குக் குடித்த பிறகு கேட்டாள்: "எனக்கு அடுப்பு பத்த வைக்கச் சொல்லிக் குடும்மா. இனிமே நீ வர்றப்ப காபி போட்டு வைக்கிறேன். சோறுகூட ஆக்கிருவேன்."

எந்த அம்மாவுக்கும் கேட்கக் குளிர்ச்சியான வார்த்தைதான். அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உன் வயசுல நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன் பாப்பா. மொதல்ல காபி. அடுத்த மாசம் சோறு. அதுக்கடுத்து வீட்டுல எல்லா வேலையும் எந்தலையில. எட்டாம் வகுப்புக்கு மேல பள்ளிக்கூடமே போகல. நீ அடுப்பைத் தொட வேணாம்னு சொன்னது தீ சுட்டுரும்னு மட்டும் இல்ல."

அக்காவுக்கு அன்றுவரை அந்தச் சட்டத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருப்பது தெரியாது. வாழைப்பழத்தை முக்கினால் விளையாட்டு. பிடிக்காத நாளில் விட்டுவிடலாம். அடுப்புக்கு அப்படி விடுமுறை கிடையாது. ஒருமுறை பற்ற வைத்துவிட்டால், நாளைக்கும் அவள்தான் பற்ற வைக்க வேண்டும். தம்பியை யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த கூலிநாளில் அம்மா ஒரு ஃபிளாஸ்க் வாங்கினார். சாயங்காலம் எட்டிப் பார்க்க வரும் அப்பத்தா, காபி போட்டு அதில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். மகளிடம் ரெகுலேட்டரைத் திறக்கவும், கேஸ் கசிந்தால் மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வரவும் சொல்லிக்கொடுத்தார். தெரிந்து வைத்துக்கொள்ளத்தான், வேலையாகச் செய்ய அல்ல. தம்பிக்கும் ஒரு சட்டம் வந்தது. சாக்லேட் டப்பாவையும் தட்டையும் கழுவி வைப்பது இனி அவன் பொறுப்பு. "அக்கா கழுவ மாட்டாளா?" என்று கேட்டுப் பார்த்தான். பலிக்கவில்லை.

கனிந்த பழத்தைக் குளிர வைத்து ஒரு பிள்ளை தின்பதில் பெரிய விஷயம் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வேலைக்குப் போகும் பெற்றோரின் வீடுகளில், விடுமுறை நாளின் நீண்ட மதியம் சின்ன விஷயம் இல்லை. அந்த நேரத்தைச் செல்போனிடம் விடலாம். ஐஸ் வண்டியிடம் விடலாம். வீட்டு வேலையைத் தலையில் கட்டிப் பெரிய மனுஷியாக்கியும் விடலாம். தீயும் கத்தியும் பெரிதாகத் தேவைப்படாத, தப்பினாலும் ஒரு வாழைப்பழத்தோடு போகிற ஒரு வேலையைக் கொடுத்துப் பார்ப்பதும் ஒரு வழி. செய்வதும் அவர்களே, தின்பதும் அவர்களே, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கே.

ஜூனில் பள்ளி திறந்தது. சாமி படத்துக்குப் பின்னால் மிச்சமான ரூபாயில் இரண்டு பேருக்கும் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத மதியத்தில், அம்மா முதன்முறையாகத் தன் கையால் ஒரு பழத்தைச் சாக்லேட்டில் முக்கினார். "அம்மா, சுத்திக்கிட்டே தூக்கு, இல்லேன்னா ஒழுகும்," என்று தம்பி பக்கத்தில் நின்று மிரட்டினான். ஓடு இறுகியதும் ஒரு கடி கடித்தார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொண்ணு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.